டவர் கல்லில் படித்த பெண்கள் வரலாறு

"பொம்பளைங்க வரலாறத் தேட ஒனக்கு இந்தக் கல்லு மேலதான் எடம் கெடச்சிச்சா?"

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பாதையில் குடையோடு நின்று, என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். நான் பாறையின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் ஒரு பக்கம் பாதி திறந்து, மீதி வராமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆமா மாமா. இங்கதான் டவர் இருக்கு" என்றேன்.

"தேடு, தேடு. நீ தேடி முடிச்சோன்ன நம்ம பொம்பளைங்க பையில கொழுந்து தானா வந்து விழுந்துரும்."

தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு அவர் போய்விட்டார். அதற்குள் எனக்குத் திறந்திருந்த பாதிப் பக்கமும் போய்விட்டது.

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம், மலைகளுக்கு நடுவே குழிக்குள் கிடக்கிறது எங்கள் தோட்டம். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைவீடுகளுக்குள் இருந்தால் கைபேசியில் ஒரு கோடுகூட வராது. கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து லயத்துக்கு வரும் பாதையின் வளைவில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றால்தான் இணையம். ஆகவே அதற்குப் பெயர் டவர் கல்லு. பின்னேரமானால் பையன்கள் அங்கே உட்கார்ந்து கைபேசியில் சுட்டு விளையாடுவார்கள். இருட்டிய பிறகும் இருப்பார்கள். அதைப் பற்றி யாருக்கும் ஒரு கவலையும் கிடையாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்று, பிறகு கொழுந்துக் கூடையைத் தூக்கியவர். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். நான் உயர்தரம் சித்தியடைந்து, தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டே, பெண்கள் கற்கை என்ற டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமை நகரத்தில். வாசிக்க வேண்டியதெல்லாம் இணையத்தில். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமை இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

பாறை மேல் நின்று நான் முதலில் தேடியது எங்களைத்தான். தேயிலை, பெண் என்று இரண்டு சொற்களைப் போட்டேன். வந்ததெல்லாம் படங்கள். எல்லாப் படத்திலும் ஒருத்தி புதுச் சேலை கட்டி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, பல் தெரியச் சிரித்தபடி இரண்டு விரலால் ஒரு கொழுந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் மலையில் பெண்கள் சிரிப்பார்கள், உண்மைதான். தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பேச்சுக்குச் சிரிப்பார்கள், கங்காணியின் நடையைப் பார்த்துச் சிரிப்பார்கள். மழையில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, காலில் அட்டை ஏற, யாரோ ஒருவரின் கெமராவுக்காகச் சிரித்ததை நான் பார்த்ததில்லை.

பிறகு வாக்குரிமை. ஆசியாவிலேயே முதலில் பெண்களுக்கு வாக்குக் கொடுத்த நாடுகளில் ஒன்று இலங்கை என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. வாசிக்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நாள் வேறொன்றைத் தேடப்போய்த்தான், சுதந்திரம் கிடைத்த கையோடு தோட்டத்து மக்களின் குடியுரிமையும் வாக்கும் பறிக்கப்பட்ட கதை கிடைத்தது. மலையக வரலாறு எழுதியவர்கள் அதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெண்கள் வரலாறு என்று நான் திறந்த பக்கங்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. பெண்களுக்கு வாக்குக் கிடைத்தது என்றால் எந்தப் பெண்களுக்கு? கொழுந்து பறித்தவர்கள் அந்தக் கணக்கில் பெண்கள் இல்லையா? பாறை மேல் தனியாக நின்று வாய்விட்டே ஏசினேன். விளையாடிக்கொண்டிருந்த ஒருவன், "அக்கா, லவ் பிரேக்அப்பா?" என்று கேட்டான்.

அந்தப் பகிடிதான் ஊருக்குள் போய் வேறு கதையாகிவிட்டது. பின்னேரத்தில் கைபேசியோடு ஒரு பெண் நின்றால் அவள் யாரோ ஒருவனோடுதான் பேசுகிறாள். அதற்கு வேறு விளக்கமே எங்கள் ஊரில் இல்லை. ஒரு வாரத்துக்குள் தலைவர் லயத்தில் நாங்கள் இருக்கும் காம்பராவுக்கு வந்தார்.

"அண்ணே, ஒங்க மக நல்ல புள்ள. அதுனாலதான் சொல்றேன். நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. அந்த வளைவுல நிக்க வேணாம்னு சொல்லி வைங்க. பாதுகாப்பு பாக்கணுமில்ல?"

அப்பா தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யாருகிட்ட இருந்து மாமா பாதுகாப்பு? அங்க இருக்கிறது நம்ம பயலுகதான? அவனுகள எறங்கச் சொல்லுங்களேன்."

"பார்த்தீங்களாண்ணே? படிச்ச வாய்."

அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அம்மா அவர் பக்கம்தான். "ஏன்டி ஊரு வாயில போய் விழுற? பரீட்ச பாஸாகி என்னா, நாளைக்கு ஒன்னப் பொண்ணு கேட்டு வாரவங்க கல்லைப் பத்தித்தான் கேப்பாங்க" என்றார்.

சிறுத்தை நடமாடும் மலை என்று எல்லோருக்கும் தெரிந்த மலைக்கு அம்மா விடியலிலேயே பறிக்கப் போகிறார். குளவிக் கூடு தொங்கும் மரத்தடிக்கும் பெண்களைத்தான் அனுப்புகிறார்கள். கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். அந்த மலைக்குப் போகாதீர்கள், பாதுகாப்பு இல்லை என்று எந்தத் தலைவரும் வீடு தேடி வந்ததில்லை. கொழுந்துக்காக ஒரு பெண் எந்தக் காட்டுக்குள்ளும் போகலாம். படிப்புக்காக வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கல்லில் ஏறி நிற்கக் கூடாது. வேறொரு நாட்டில், இரவில் தெருவில் நடப்பது எங்கள் உரிமை என்று பெண்கள் தீப்பந்தத்தோடு ஊர்வலம் போனதை நான் அந்தக் கல்லில் நின்றுதான் வாசித்திருந்தேன். எனக்கு இரவுகூட வேண்டாம். பின்னேரம் போதும். அதற்கே இந்தப் பாடு.

இதற்குள் டிப்ளோமாவின் கடைசிப் பரீட்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். வாய்மொழிப் பரீட்சை, இணையத்தில், மாலை நேரத்தில். அதில் தோன்றாவிட்டால் அதுவரை படித்த அத்தனையும் வீண். நகரத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் நானாவிடம் கேட்டுப் பார்த்தேன். "எடம் தாரன் தங்கச்சி, காசும் வாணாம். ஆனா ஒங்கட தோட்டத்துக்குக் கடைசி பஸ் அதுக்கு முன்னாடியே போயிருமே" என்றார். அவர் சொன்னது சரி. எனக்குக் கல்லை விட்டால் வேறு வழியில்லை. கல்லுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன். அம்மா பரீட்சையன்று காலை வேலைக்குப் போகும்போது என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

நான் ஏறியபோது பையன்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். "எனக்குப் பரீட்ச. சத்தம் போடாம இருங்கடா" என்றேன். "கல்லு ஒங்க பேர்ல எழுதியா இருக்கு?" என்றான் ஒருவன். "ஒன் பேர்லயும் எழுதல" என்றேன். சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

திரையில் இரண்டு விரிவுரையாளர்கள் வந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. "உங்கட குரல் கேக்கேல்ல, கொஞ்சம் சத்தமாக் கதையுங்கோ" என்றார் அவர்களில் ஒருவர். சத்தமாகப் பேசினேன். "இன்னும்" என்றார். கடைசியில் கத்தினேன். வாக்குரிமை யாருக்குக் கிடைத்தது, யாரிடமிருந்து போனது என்று கத்தினேன். தீப்பந்தத்தோடு நடந்த பெண்களைப் பற்றிக் கத்தினேன். பொது இடம் என்றால் என்ன என்று கேட்டார்கள். நான் எழுதி மனப்பாடம் செய்திருந்த வரைவிலக்கணம் வாயில் வரவில்லை. "நான் இப்ப நிக்கிற எடம், மேடம். இதுல நான் நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இதே எடத்துல பையன்க இருட்டுற வரைக்கும் இருக்காங்க. அவங்களுக்கு இது பொது எடம். எனக்கு மட்டும் இது மானப் பிரச்சின" என்று கத்தினேன்.

கத்தி முடித்துக் குனிந்து பார்த்தால், பாதை நிறையப் பெண்கள். மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், வெறும் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுவிட்டிருந்தார்கள்.

"ஏ புள்ள, யாரடி இந்த ஏச்சு ஏசுற?" என்று ஒரு பெண் கேட்டார்.

"டீச்சருங்களயாம்" என்றான் ஒரு பையன்.

"ஏசட்டும். தலைவரு வீடு வரைக்கும் கேக்குற மாதிரி ஏசட்டும்" என்றார் இன்னொருவர். பாதையே சிரித்தது. நான் கைபேசியை மூட மறந்திருந்தேன். திரையில் இருந்த இருவரும் சிரித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் அம்மாவும் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினார். பிறகு கேட்டார்: "அந்த ஊர்ல பொம்பளைங்க ராத்திரி பந்தம் புடிச்சிக்கிட்டு நடந்தாங்கன்னு சொன்னியே. அன்னைக்கு அவங்க வீட்டுல யாரு சோறு ஆக்குனா?"

பிறகு தேடிப் பார்த்தேன். ஊர்வலத்தின் பாதை கிடைத்தது, பதாகைகளில் என்ன எழுதியிருந்தது என்பது கிடைத்தது. சோறு ஆக்கியது யார் என்று நான் பார்த்த எந்தப் பக்கத்திலும் இல்லை.

டிப்ளோமாவில் திறமைச் சித்தி பெற்றேன். அந்தச் செய்தி வந்த அதே வாரம் கோயிலில் கூட்டம் போட்டார்கள். உள்ளே ஆண்கள் பாயில் இருந்தார்கள். பெண்கள் நாங்கள் வெளியே நின்று கேட்டோம். இனிமேல் பொம்பளைப் பிள்ளைகள் பின்னேரத்தில் டவர் கல்லுக்குப் போகக் கூடாது என்று முடிவாம். எல்லாம் பிள்ளைகளின் நன்மைக்காம். பையன்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கையெழுத்தும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. தலைவர் சொன்னார், பாயில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள், தேங்காய் உடைத்து முடித்துவிட்டார்கள். நான் வெளியே நின்றபடியே, "நான் ஒத்துக்கல மாமா. போவேன்" என்றேன். உள்ளே யாரோ, "அவங்கப்பனக் கூப்பிடு" என்றார்கள். அப்பா எழுந்து, "அவளுக்குப் படிப்பு இருக்கு" என்று மட்டும் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

நான் பட்டப்படிப்புக்குப் பதிந்துவிட்டேன். வகுப்புகள் வாரநாட்களில், எல்லாம் இணையத்தில், எல்லாம் மாலையில். முதல் வகுப்பு போன திங்கட்கிழமை. கீழ் லயத்தில் உயர்தரம் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளின் வீடுகளுக்கு முதல் நாளே போய், இணையத்தில் படிக்க அவர்களையும் கல்லுக்கு அனுப்பச் சொல்லித் தாய்மாரிடம் பேசினேன். ஒரு தாய் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மற்றவர், "ஒன்னோடனா கூட்டிக்கிட்டு போ" என்றார். திங்கட்கிழமை மூவருமாக வளைவுக்குப் போனோம். பையன்கள் இருந்தார்கள். பாதி இடத்தை விடச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டு விட்டார்கள். தலைவர் குடையோடு வந்து பாதையில் நின்றார். நான் வணக்கம் சொல்லிவிட்டு வகுப்பில் சேர்ந்தேன்.