ஹில்க்காவின் வலது கண்

கௌஹவா ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குத் தினமும் சமைத்துப் போடுகிறவள் ஹில்க்கா ரின்தலா. வயது ஐம்பத்தெட்டு. வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பில் ஒரு பிள்ளைக்குக்கூட அவள் குறை வைத்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளி ஊழியர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே உள்ள சுடுதளத்துக்கு ஒருநாள் பொழுதுபோக்கப் போனார்கள். அவள் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். வானத்தில் எறியப்பட்ட ஆரஞ்சு நிறக் களிமண் தட்டு முதல் தோட்டாவிலேயே பொடிப்பொடியாகிப் போனது. "இன்னொண்ணு விடுங்கப்பா!" என்று கத்தினாள். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை மாலை என்றால் அவளை வீட்டில் பார்க்க முடியாது.

இப்போது இரண்டு வருஷமாகத்தான் தொல்லை. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போட ஆரம்பித்திருந்தாள். துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்த்ததும் கண்ணாடியின் மேல் விளிம்பு பார்வைக்குக் குறுக்கே வந்து நிற்கும். இடது பக்கம் பறக்கிற தட்டெல்லாம் பாதி வழியில் மங்கி மறைந்துவிடும். காதடைப்பான் கண்ணாடிக் கம்பியை அழுத்தி அழுத்தி, நெற்றிப்பொட்டு இரண்டும் சிவந்து போகும். வியர்த்தால் கண்ணாடி மூக்கில் வழுக்கும். இருபத்தைந்து தட்டுக்கு இருபத்தொன்று அடித்துக்கொண்டிருந்தவள் பதினாலுக்கு இறங்கிவிட்டாள்.

"வயசாகுதுன்னு ஒத்துக்கோ ஹில்க்கா," என்பார் ஆர்வோ. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சுடுதளத்தின் பாதுகாப்புப் பொறுப்பு அவருடையது. இருவரும் ஒரே அணி, ஆனால் வாயைத் திறந்தால் சண்டை.

"உனக்கு என்னைவிட ஒம்பது வயசு கூட. முதல்ல நீ ஒத்துக்கோ."

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காற்று எதிர்த்து அடித்தது. உடைந்த தட்டின் துண்டு ஒன்று திரும்பிப் பறந்து வந்து, சடக்கென்று அவள் கண்ணாடியின் இடது லென்ஸில் பட்டது. நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆர்வோவின் முகம் வெளுத்துவிட்டது. சுடுவதை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"இந்தச் சாதாக் கண்ணாடியோட இனிமே சுடுற கோட்டுக்கு வராதே. சொல்லிட்டேன்."

கேலியில்லாத அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. மறுவாரம் விரிசல் விட்ட அதே கண்ணாடிக்கு மேலே கிளப்பின் பெரிய பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றாள். இரண்டுக்கும் நடுவில் ஆவி படர்ந்து, பனிமூட்டத்தில் பஸ் ஓட்டுகிற மாதிரி இருந்தது. ஒன்பதுதான் விழுந்தது. துப்பாக்கியை அலமாரியில் பூட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அடுத்த நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே யோசித்து, கத்தியை வைத்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டாள்; சாயங்காலமே நேரில் போய் நின்றாள்.

கடைக்காரி சன்னி, அவள் கையால் ஆறு வருஷம் பள்ளியில் சாப்பிட்டவள்.

"சுடும்போது தலையை எப்படி வைப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

"துப்பாக்கி வேணுமே!"

சன்னி உள்ளே போய்த் தரை துடைக்கிற மாப்பை எடுத்து வந்தாள். ஹில்க்கா அதன் கட்டையைத் தோளில் பதித்துக் கன்னத்தைச் சாய்த்தாள். தன் கண்ணாடிக்காகக் காத்திருந்த தபால்காரரிடம் ஆரஞ்சுத் தொப்பி ஒன்றைக் கொடுத்து, உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் நடக்கச் சொன்னாள் சன்னி.

"வேகமாப் போங்க! தட்டு இவ்வளவு மெதுவாப் பறக்காது!" என்றாள் ஹில்க்கா.

"என் முழங்காலுக்கு அது தெரியலையேம்மா," என்று மூச்சு வாங்கினார் தபால்காரர்.

சன்னி வலது கண் லென்ஸில் பேனாவால் புள்ளி வைத்தாள். "இங்க பாருங்க. நீங்க நடுவுல பார்க்கவே இல்ல. மூக்கு ஓரமா, மேல் மூலையில பார்க்குறீங்க. அந்த இடத்துல உங்க பவரே சரியா இல்ல. அப்புறம் தட்டு எப்படித் தெரியும்?"

ஹில்க்கா மாப்பைக் கீழே வைக்காமலே சிரித்தாள். இரண்டு வருஷமாகத் தன் கண்ணையும் கையையும் வைதுகொண்டிருந்தவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கியது.

முதலில், வளைந்த பாதுகாப்புக் கண்ணாடிக்கு உள்ளே பவர் லென்ஸ் செருகும் வகையைப் போட்டுப் பார்த்தாள். இமை முடி லென்ஸில் உரசியது; இரண்டு நிமிஷத்தில் ஆவியும் படர்ந்தது. வேண்டாமென்று கழற்றிவிட்டாள். கடைசியில், அடி தாங்குகிற பாலிகார்பனேட்டிலேயே பவரை ஏற்றிவிடுவது என்று முடிவானது. மேலே உயரமான ஃபிரேம், ஏற்றி இறக்கிக்கொள்ளும் மூக்குத் தாங்கி, காதடைப்பானுக்கு அடியில் உறுத்தாத மெல்லிய கம்பி. பவர் தூரத்துக்கு மட்டும்.

"அப்போ மதிப்பெண் சீட்டை எப்படிப் படிக்கிறது?"

"யாரையாச்சும் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

லென்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க சன்னி அவளை வாசலுக்குக் கூட்டிப் போனாள். எதிரே பச்சை மரங்கள், அவற்றுக்கு முன்னால் தொப்பியோடு தபால்காரர். மஞ்சளில் பார்த்தாள், தெளிவாகத்தான் இருந்தது. ஊதாவில் பார்த்ததும், பச்சை அடங்கி, தொப்பி நெருப்பாக எரிந்தது.

"இதுதான்!" என்று அவள் கத்தியதில் தெருவில் சைக்கிள் ஓட்டி வந்த ஒருவர் இறங்கி நின்றுவிட்டார்.

மூன்று வாரத்தில் கண்ணாடி வந்தது. செவ்வாய்க்கிழமை கன்னத்தைச் சாய்த்தபோது குறுக்கே எதுவும் இல்லை. முகத்தில் ஒன்று மாட்டியிருப்பதே மறந்துபோனது. இடது பக்கம் எழும்பிய முதல் தட்டின் விளிம்பில் இருந்த வரிகள்கூடத் தெரிந்தன. தட்டு தூளானது.

ஜூன் கடைசியில் பக்கத்து ஊர் லாப்புவா அணியோடு போட்டி. ஊருக்கு மூன்று பேர். ஓரமாக, எல்லோருக்கும் சாசேஜ் என்ற இறைச்சிக் குழல்கள் தணலில் வெந்துகொண்டிருந்தன. ஆர்வோ இருபத்திரண்டு அடித்தார். கடைசியாக ஹில்க்கா நின்றாள். பத்துத் தட்டும் வரிசையாகத் தூளாகி, பதினோராவது தப்பியது. பின்னால் யாரோ "ஐயோ" என்றது காதடைப்பானையும் மீறிக் கேட்டது. அவள் திரும்பவில்லை. மூக்குத் தாங்கியை ஒரு விரலால் தொட்டுவிட்டு, அடுத்த தட்டைக் கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆர்வோ மதிப்பெண் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இருபத்திநாலு! ஒரு தட்டு வித்தியாசத்துல ஜெயிச்சுட்டோம் ஹில்க்கா!"

"அந்தத் தட்டு என்னுதா, உன்னுதா?"

"உன்னுதுதான், தாயே!" என்று அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தார், முடியாமல் இருவருமாகப் புல்லில் சரிந்தார்கள். ஊதாக் கண்ணாடி மட்டும் மூக்கைவிட்டு அசையவில்லை.

மாகாண அணிக்குப் பெண்கள் தேவை, வருகிறாயா என்று லாப்புவாக்காரர் ஒருவர் அங்கேயே வந்து கேட்டார்.

"வரேன், வரேன். முதல்ல அந்த சாசேஜ் கருகுறதுக்குள்ள என்னை எழுப்பி விடுங்க," என்று கையை நீட்டினாள் ஹில்க்கா.