ஐந்தருவி நோட்டீஸ்

எங்கள் சித்தப்பா காலையில் பேப்பரைப் பிரித்தால், டெல்லியில் தொடங்கி எங்கள் தெரு வாறுகால் வரைக்கும் ஒரு ஆளை விடாமல் திட்டி முடித்த பிறகுதான் காப்பியைத் தொடுவார். காப்பி ஆறிப்போய்விடும். அதற்கும் யாரையாவது திட்டுவார். சும்மா சொல்லக்கூடாது, அவர் திட்டுவதில் பொய் ஒன்றும் இருக்காது. வாறுகால் சாக்கடை நிஜமாகவே நாறும். தெருவிளக்கு நிஜமாகவே எரியாது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருஷம் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்கள் வார்டாக மாறிவிட்டது. இருந்த கவுன்சிலர் நிற்க முடியாமல் தன் மனைவியை நிறுத்தினார். விடுவாரா சித்தப்பா? சித்தியை நிறுத்திவிட்டார். ஆக, நின்றது இரண்டு பெண்கள், சண்டை இரண்டு ஆண்களுக்கு.

ஆனால் சித்திக்கு அது விளையாட்டு இல்லை. கல்லூரியில் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் அவள். கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் அவள் தன் பேரை எழுத்தில் பார்த்தது மாவு மில் சுவரில்தான். நீல எழுத்தில் அவள் பேர், பக்கத்தில் கத்தரிக்கோல் சின்னம். கடைக்குப் போகிற சாக்கில் என்னையும் கூட்டிக்கொண்டு தினமும் அந்தப் பக்கமாகத்தான் போவாள். சுவர் வந்ததும் நடை தானாக மெதுவாகிவிடும்.

“ஜெயிச்சா அந்த நாற்காலில நான்தான்க்கா உக்காருவேன். உங்க கொழுந்தன் வாசல்ல நிக்கட்டும்,” என்று அம்மாவிடம் அடுக்களையில் சொன்னாள். அம்மா சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை.

பிரசாரம் ஒரு ஆட்டோவில் நடந்தது. முன்னால் மைக்கோடு சித்தப்பா, பின்னால் கும்பிட்டபடி சித்தி, அவள் மடியில் நான். சித்தப்பா கவுன்சிலரைக் கிழி கிழியென்று கிழித்தார். ரோடு போட்டதில் கமிஷன் அடித்தான் என்றார். வெற்றிலை பாக்குக் கடைக்காரி, “ஆமா, அடிச்சான். ரோடும் போட்டாம்லா?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை எண்ணப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி பக்கமே எட்டிப் பார்க்காதவன் என்றார். உடனே ஒரு அம்மா, தன் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து காய்ச்சலோடு திரும்பியபோது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கே வண்டி கொண்டுபோய் அவரைக் கூட்டிவந்தது யார் என்று வாசலில் நின்றே ஒரு மூச்சுப் பேசித் தீர்த்தாள். சித்தி இரண்டு தடவை ஆட்டோவிலிருந்து இறங்கப் பார்த்தாள். நாலு வீட்டுக்குள்ளே போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்றாள். “நேரம் இல்லட்டி, இன்னும் அவன் வண்டவாளம் பாதிகூடச் சொல்லல,” என்று சித்தப்பா ஆட்டோவைக் கிளப்பச் சொல்லிவிட்டார்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருந்தார் சித்தப்பா. ஒரு போட்டோ.

அந்த ஆடியில் மோட்டார் எரிந்துபோய் ஒரு வாரமாக எங்கள் வார்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. அந்தச் சமயத்தில் கவுன்சிலர் குற்றாலம் ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, இடுப்பில் ஈரத்துண்டோடு, வாய் நிறையச் சிரித்தபடி நிற்கிறார். சித்தப்பா தன் புது செல்போனில் அதைப் பிடித்து வைத்திருந்தார். அதை வழவழப்பான தாளில் நோட்டீஸாக அடித்தார். மேலே சிவப்பு எழுத்தில்: ‘மக்கள் தாகத்தில்! கவுன்சிலர் அருவியில்!’

“இதோட அவன் கதை முடிஞ்சுது,” என்று கட்டைப் பிரித்தார்.

எங்கள் ஊர் ஆட்களைத் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாரல் கட்டி, ‘அருவில தண்ணி நல்லா விழுது’ என்று ஒரு சொல் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் கடையில் ஷட்டர் இறங்கும். வாத்தியாருக்கு வயிற்றுவலி வரும். ஆபீசில் ஃபைல் அப்படியே கிடக்கும். அந்தச் சமயத்தில் அருவிக்குப் போனான் என்று ஒருத்தனைக் குற்றம் சொன்னால், கேட்கிறவர்கள் சொன்னவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இது எனக்குத் தெரியாது என்றால் நான் குழந்தை. சித்தப்பாவுக்கு என்ன வந்தது? கோபத்தில் தன் ஊரையே மறந்துவிட்டார், பாவம்.

அதைவிடப் பெரிய கூத்து, அந்தப் போட்டோவில் கவுன்சிலர் தனியாக இல்லை. அவருக்குப் பின்னால் எங்கள் தெருவே நின்றது. டெய்லர், ரேஷன் கடைக்காரர், இடுப்பில் சிவப்புத் துண்டு மட்டும் கட்டிய எங்கள் தலைமையாசிரியர், அருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியிருக்கும் என் அப்பா. ஓரத்தில் பல் நடுங்கத் தலை துவட்டிக்கொண்டு நான்.

நோட்டீஸ் கொடுக்கிற வேலை எனக்கு. அடடா, என்ன வரவேற்பு! அதுவரைக்கும் நாங்கள் கொடுத்ததையெல்லாம் வடை பொதியத்தான் வைத்துக்கொண்டார்கள். இதைப் பறித்தார்கள். “ஏட்டி, இங்கன பாரு, உங்க அப்பா தொந்திய!” “ஏட்டி, எனக்கு இன்னொண்ணு குடு, எங்க மச்சினனும் இதுல இருக்கான்.” டீக்கடைக்காரர் பசை தடவிச் சுவரில் ஒட்டினார். டெய்லர் தன் முகத்தை மட்டும் கத்தரித்துக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தார். அன்றைக்குத் தண்ணீர் என்ன போடு போட்டது என்று ஆளாளுக்கு முதுகைத் தடவிக்கொண்டார்கள்.

சித்தப்பா விடவில்லை. குழாயில் தண்ணீர் இல்லாத நேரத்தில் குளியல் கேட்குதா என்று மைக்கில் கத்தினார். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் நிதானமாக எழுந்தார்.

“குழாயில வரலன்னா அருவிலதான அண்ணாச்சி குளிக்கணும்? வேன் பிடிச்சு எல்லாரையும் கூட்டிட்டுப் போனது அவருதான?”

“அதுவா முக்கியம்?”

“சரி, விடுங்க. போட்டோ ஜோரா இருக்கு. யாரு எடுத்தது?”

“நான்தான்,” என்றார் சித்தப்பா, பெருமை தாங்காமல்.

“அப்ப நீங்களும் அந்த வேன்லதான் வந்திய?”

டீக்கடையே குலுங்கியது. சித்தப்பா மைக்கைத் தட்டிப் பார்த்து, கரண்ட் போய்விட்டது போலிருக்கிறது என்றார். ஆட்டோ மைக்குக்கு ஏது கரண்ட்!

எனக்கோ அது தேரோட்டம் மாதிரி இருந்தது. ஓடிப்போய்ச் சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கட்டு கட்டாக எல்லாம் தீர்ந்துபோச்சு, ஆளுக்கு ரெண்டு கேக்காங்க, ஜெயிச்சாச்சு என்றேன். அவள் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோற்றோம். சாதாரணத் தோல்வி இல்லை. எங்கள் தெருப் பெட்டியிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஓட்டு விழவில்லை. பக்கத்துத் தெருவில் வேட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிற ஜனங்களா இதுகள் என்று ஆரம்பித்தார். கவுன்சிலரோடு சேர்த்துத் திட்டுவதற்கு இப்போது ஊரே கிடைத்துவிட்டது. மனுஷர் தெம்பாகத்தான் இருந்தார்.

சித்திதான் புறவாசலில், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. தோள் மட்டும் ஆடியது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அவள் மடியில் அந்த நோட்டீஸ் கிடந்தது. தாள் முழுக்கக் கவுன்சிலர் சிரித்தார். அடியில், அச்சகத்தின் பேருக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி சித்தியின் பேர். அவள் விரல் கவுன்சிலரின் பல் வரிசையிலிருந்து மெல்லக் கீழே இறங்கி வந்தது.

“இதுல நான் எங்கட்டி இருக்கேன்?” என்றாள்.

சித்தி ஏன் அழுகிறாள் என்பது எனக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. இதற்குப் போயா இப்படி அழுவார்கள்? அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னேன்:

“நீதான் அன்னைக்கு அருவிக்கு வரலல்லா சித்தி, பெறகு எப்படிப் போட்டோல இருப்ப? எல்லாரும் வேன்ல ஏறிட்டாங்க. லாரித் தண்ணி வருமேன்னு நீதான் இங்கனயே கெடந்த. தெருவுல ஒரு வீடு விடாம எல்லாரு கொடத்துலயும் நீதான பிடிச்சு வச்ச?”

சித்தி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணிலிருந்து தண்ணீரும் நிற்கவில்லை. சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.