கூரைக்குள் போகாத கேபிள்

சண்டைக்காரி என்று அவளுக்குப் பட்டம் கட்டியவர்கள், அவளிடம் வேலை வாங்கிய கட்டடக்காரர்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. நெட்வொர்க் கேபிள் இழுக்கிற வேலையில் வாயில்லாப் பூச்சியாக இருந்தால், கரண்டு கம்பி போகிற குழாயிலேயே இதையும் சொருகிவிட்டுப் போ என்பார்கள். அப்படிச் சொன்ன மேஸ்திரி ஒருவரை மாடி மாடியாகத் துரத்திப் போய் வாதாடியவள் அவள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளைக் கடையில் தூசி தட்டத்தான் வைத்திருந்தார்கள். கேபிளும் கனெக்டரும் விற்கிற கடை. முதலாளி கணவனின் அண்ணன். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'. கேபிள் இழுக்கப் போய்க்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, "நான் போறேன்" என்று கேபிள் நுனியில் கனெக்டரை அழுத்திப் பொருத்துகிற கிரிம்பிங் கருவியைக் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் தூசி தட்டவில்லை. கணவன் கடையின் சரக்கு வண்டியை ஓட்டினான். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத தம்பி. நல்லவன்தான், அதுதான் அவளுக்குத் தலைவலி.

குழந்தைகள் காப்பகத்து வேலையைப் பெரியவர்தான் பேசி முடித்தார். அறைக்கு அறை கேமரா. கேமராவுக்குத் தனியாக மின்சாரம் இல்லை. படம் போகிற கேபிளிலேயே அதுவும் வரும். எல்லாக் கேபிளையும் ஒரே கட்டாகக் கட்டி, குழந்தைகள் தூங்குகிற அறையின் பொய்க்கூரைக்குள், மரச்சட்டங்களை ஒட்டிக் கொண்டுபோக வேண்டும்.

வேலை நாள் காலையில் கணவன் காப்பகத்தில் இறக்கிப்போட்ட கேபிள் பெட்டியை அவள் தூக்கினாள். இடுப்பை ஒடிக்க வேண்டிய பெட்டி, காலிப் பெட்டி மாதிரி கையோடு வந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. நுனியை வெட்டி, உள்ளே இருந்த ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தாள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். பெட்டியின் மேல் மட்டும் அசல் செம்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான், எந்தப் புண்ணியவானோ.

கூட வந்த கனெக்டர்களும் அதே லட்சணம். மேசைக்கும் சுவருக்கும் நடுவே வளைந்து கிடக்கிற மெல்லிழைக் கேபிளுக்கு உண்டானவை. அவற்றின் உலோகப் பல், இழைகளுக்கு நடுவில் குத்தி இறங்கும். கூரைக்குள் போகிற கேபிளில் இழை கிடையாது, ஒவ்வொன்றும் கெட்டியான ஒற்றைக் கம்பி. அதற்கு இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பல் வேண்டும். இதைப் போட்டால் இன்றைக்குப் பிடித்து நாளைக்கு விட்டுவிடும்.

உடனே பெரியவருக்குப் போன் போட்டாள்.

"மாமா, உங்கள யாரோ ஏமாத்திட்டாங்க. இது அலுமினியம்."

"தெரியும்மா. டெஸ்டர்ல மாட்டினா எட்டுக் கம்பிக்கும் எட்டு விளக்கும் எரியும். அப்புறம் என்ன?"

"இன்னிக்கு எரியும். அத்தன கேமராவும் கரண்டு இழுத்தா அலுமினியம் தாங்காது, கட்டு சூடாகும். கீழ குழந்தைங்க படுத்திருக்கும், மாமா."

"கூரைய மூடினப்புறம் யாரு எட்டிப் பாக்கப் போறா? பேசாம இழு."

தெரியுமாம். அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியிலிருந்த கேபிளை முழம் முழமாக வெட்டித் தள்ள ஆரம்பித்தாள். திருப்பிக் கொண்டுபோய் வேறு யார் தலையிலாவது கட்டிவிடக் கூடாது. வெட்டிக்கொண்டே காப்பகத்தை நடத்துகிற அம்மாளைக் கூப்பிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னாள்.

அந்த அம்மாள் ஒன்றும் கையெடுத்துக் கும்பிடவில்லை. "நீங்களும் அந்தக் கடை ஆள்தானே?" என்று பாய்ந்தாள்.

"ஆமா. அதனாலதான் நானே வெட்றேன். எங்க கடைக்கு எதிர்க்கடையில நல்ல செம்பு கேபிள் இருக்கு, ஒத்தக் கம்பி கனெக்டரும் இருக்கு. வரவழைங்க. நான் போட்டுத் தர்றேன்."

விஷயம் கேள்விப்பட்டுப் பெரியவர் வந்து சேர்ந்தபோது எதிர்க்கடைப் பெட்டி வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. பின்னாலேயே அவள் கணவன், தலையைக் குனிந்துகொண்டு.

"சோறு போட்ட கடைய நடுத்தெருவுல நிறுத்திட்டியே! இனிமே நம்ம கடைப் படி ஏறாத!"

"ஏற மாட்டேன் மாமா. ஆனா உங்க கேபிளும் இந்தக் கூரை ஏறாது."

பெரியவர் தம்பியைப் பார்த்தார். "ஏணி நம்மளது. எடுத்து வண்டியில போடு."

அவள் கணவனையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வானா? அவன் அவளைப் பார்க்காமல் ஏணியை மடக்கினான். வாசற்படியில் இடிக்காமல் பதவிசாகச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனான்.

போடா என்று திரும்பிக்கொண்டாள். சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஒரு முக்காலியை வைத்து ஏறினாள். காப்பகத்து அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கையால் முக்காலியைப் பிடித்து, மறு கையால் கேபிளை மேலே தள்ளிவிட்டாள்.

பாதி வேலையில் கணவனின் போன் வந்தது.

"அண்ணன் கோவத்துல பேசிட்டாரு. சாயங்காலம் வந்து ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுரு. எல்லாம் சரியாயிடும்."

"அது அலுமினியம்னு காலையில இறக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கம் வண்டியின் இஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தெரியாது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், அவன் அதையும் சொல்லவில்லை.

அவள் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"அடுத்தத விடுங்கம்மா," என்றாள் கீழே பார்த்து. "இன்னிக்கு முடிக்காம இறங்கறதில்ல."