தலைக்குத் தண்ணீர் ஊற்றப் பயந்த ஆறு வாரங்கள்

டைபாய்டு (குடற்காய்ச்சல்) குணமாகி மூன்றாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை தலை குளித்துவிட்டுப் பார்த்தால் கையெல்லாம் முடி. தம்பி கல்யாணத்துக்கு நாலு மாதம் இருந்தது. தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போட வேண்டும், அது நான். மண்டபமே பார்க்க வழுக்கைத் தலையோடு குனிந்து நிற்பதை நினைத்து அழுதேன்.

தண்ணீர் பட்டால்தானே கொட்டுகிறது? படவே விடக்கூடாது என்று முடிவெடுத்தேன். கோவில்பட்டியில் இதற்கு ஊரே ஒத்தாசை. தொண்ணூறுகளில் எங்கள் தெருக் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்; யாரும் காரணம் கேட்கவில்லை. எண்ணெயை மட்டும் அப்பிக்கொண்டேன். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி ஒரு மஞ்சள் பையில் சேர்த்தேன், சவுரியாவது கட்டிக்கொள்ளலாமே என்று.

ஆறு வாரத்தில் அரிப்பு, செதில், வாடை. என் வீட்டுக்காரர் தலையணையை ஒரு முழம் தள்ளிப் போட்டார். பிறகு வாயைத் திறந்தார்.

“ஏட்டி, ஒண்ணு டாக்டர்ட்ட போவோம். இல்ல, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்.”

தோல் மருத்துவரம்மா பார்த்துவிட்டு, செபோரிக் டெர்மடைட்டிஸ் (எண்ணெய்ப் பிசுக்குள்ள இடத்தில் வரும் தோல் அழற்சி) என்றார். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தேன் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“கொட்டுத முடி காய்ச்சல்லயே வேரை விட்டுட்டுது. தண்ணி அதைத் தள்ளி விடுது, அவ்வளவுதான். வாரத்துக்கு ரெண்டு தரம் தலைக்கு ஊத்துங்க. புது முடி வந்துரும்.”

“தண்ணிக்கு எங்கன போக டாக்டர்?”

“ஒரு கொடம் போதும். உங்க வீட்டுக்காரரச் சுமக்கச் சொல்லுங்க.”

சுமந்தார். புதனும் ஞாயிறும் சைக்கிளில் குடம். தெருவே கேலி செய்தது. மருந்து ஷாம்பு போட்ட முதல் குளியலில் கொட்டியதைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. போகப்போகக் குறைந்தது. நெற்றியோரம் பொடிமுடி குத்திட்டு நின்றது.

உங்களுக்கும் கொட்டிக்கொண்டிருந்தால் இதைச் சொல்கிறேன். உடம்பு தன் காய்ச்சலை மூன்று மாதம் கழித்துத்தான் தலையில் காட்டியது. தேறியதையும் அதே நிதானத்தில்தான் காட்டியது. அதன் காலண்டர் வேறு. காத்திருங்கள், ஆனால் குளித்துவிட்டுக் காத்திருங்கள்.

எட்டயபுரத்தில் கல்யாணம். கெட்டிமேளம் கொட்ட, பெண்ணுக்குப் பின்னால் நின்று குனிந்தேன். வீடியோக்காரர் வெளிச்சத்தை நேரே என் தலையில் அடித்தார். அந்த நேரம் பார்த்து மணப்பெண் மெல்லக் கேட்டாள்:

“மதினி, தலை நல்லா மணக்குது. என்ன போடுதீங்க?”

“தண்ணி” என்றேன்.

இருவரும் சிரித்த சிரிப்பில் முடிச்சு நழுவிவிட்டது. மறுபடியும் நிதானமாக, வெளிச்சத்திலேயே நின்று போட்டேன்.