குதிரைவால் முடியும் என் இடது கையும்

இடது ஆள்காட்டி விரலில் அந்த மரு வந்தபோது நான் அதை மதிக்கவே இல்லை. மிளகு அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். கொடைக்கானலில் எத்தனையோ கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போட்டவள் நான். கோன் பிடிப்பது வலது கை, இடது கையில் என்ன வந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். ஆனால் பெண்ணின் கையை ஏந்திப் பிடிப்பது இடது கைதானே? அதை ஒரு பெண்ணின் அம்மா எனக்கு எடுத்துச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க. புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா வாழப்போற எடத்துல பேச்சாயிரும்" என்றார்.

கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல் நாயுடுபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்காக வந்தது.

எங்கள் பக்கத்தில் மருவுக்கு ஒரே வைத்தியம் குதிரைவால் முடி. ஏரியைச் சுற்றிக் குதிரைகள் ஓடும்வரை இந்த ஊரில் மருவுக்கு டாக்டர் எதற்கு என்பது என் வீட்டுக்காரர் கட்சி. அவர் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எந்த வியாதிக்கும் தன் கடையிலேயே மருந்து இருக்கிறது என்று சாதிக்கும் மனிதர், இதற்கு மட்டும் குதிரைக்கு விட்டுக்கொடுத்தார். ஏரிக்கரைக் குதிரைக்காரர் ஒரு முடியை உருவிக் கொடுத்து, "கறுப்பு முடிதாங்க்கா கேக்கும். இறுக்கிக் கட்டிட்டு மறந்துருங்க" என்றார். கட்டினேன். சில நாளில் மரு கறுத்து உதிர்ந்தது. அன்று எங்கள் வீட்டில் பிரியாணி.

அடுத்த மாதம், முடி இறுக்கிய தடத்தை ஒட்டி வட்டமாக மருக்கள் கிளம்பின. பக்கத்து விரலிலும் ஒன்று எட்டிப் பார்த்தது. பழனியில் இருக்கும் என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த நேரம் அது. பால் மறந்த நாளிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் நான் மருதாணி வைத்துவிட்ட பிள்ளை. அவள் கல்யாணக் கையை இந்தக் கையால் எப்படிப் பிடிப்பேன்? அடுப்படியில் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தோல் டாக்டருக்கு அக்கா மகள் வயதுதான் இருக்கும். விரலை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "குதிர முடியாக்கா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வட்டத்தப் பாத்தாலே தெரியுதே. எங்க வீட்லயும் கட்டுவாங்க."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். தோல் அடியிலிருந்து மேலே வளர்கிறது. அடி வரிசையில் புதுச் செல்கள் பிறந்து, மெல்ல மேலே ஏறி, காய்ந்து உதிர்கின்றன. மருவைக் கிளப்பிவிடும் பாப்பிலோமா வைரஸ் ஒரு சின்னக் கீறல் வழியாக அந்த அடி வரிசைக்கு இறங்கிவிடுகிறது. இறங்கிய பிறகு எந்த ஆர்ப்பாட்டமும் கிடையாது. செல்லின் உட்கருவுக்குள் போய், தன்னைக் கொஞ்சம் பிரதி எடுத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. செல் இரண்டாகப் பிரிந்தால் இதுவும் கூடவே பிரிந்து இரண்டிலும் குடியிருக்கும். மேலே ஏறிய செல் ஓய்ந்துபோக வேண்டியது; இது ஓயவிடாது. அந்தச் செல்லின் சாமான்களையே எடுத்துத் தன்னை ஏராளமாகப் பெருக்கி, மேல்தோல் உதிரும்போது தானும் உதிர்ந்து அடுத்த ஆளைத் தேடிப் போகிறது. செல்லை உடைப்பதில்லை, ரத்தத்தில் கலப்பதில்லை. அதனால் உடம்பின் காவல்காரர்களுக்குச் செய்தியே போவதில்லை. சீசனுக்கு எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட இவ்வளவு அடக்கமாகத் தங்கியதில்லை.

"நீங்க மேல மட்டும்தான் அறுத்தீங்க. அடியில உள்ளது அப்படியே கெடக்கு. இறுக்குனதுல சுத்திலும் கீறல் வேற. அதுக்கு நீங்களே வழி விட்டுட்டீங்க."

"அப்ப இது சாகுற வரைக்குமா?"

"அப்படி இல்லக்கா. என்னைக்காவது உங்க உடம்பு அதக் கண்டுபிடிச்சுரும். கண்டுபிடிச்சா மொத்தமாப் போயிரும். என்னைக்குன்னுதான் எனக்குச் சொல்லத் தெரியல."

தடவ மருந்தும், மேலே ஒட்டப் பட்டையும் கொடுத்தார். மருதாணி போட வரச்சொல்லிப் போனில் கேட்டவர்களுக்கெல்லாம் சோலி இருக்கிறது என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் காதுக்கும் விஷயம் போய், வத்தலக்குண்டிலிருந்து ஒரு பார்லர்காரியை அவர்களே ஏற்பாடு செய்துவிட்டார்கள். அக்கா போனில் அதைச் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் தவித்தாள். "நல்லதாப் போச்சு" என்று சொல்லி வைத்தேன். ஒன்றும் நல்லதாகப் போகவில்லை.

அந்த வாரமே எல்லா மருவும் சிவந்து வீங்கி, அரிப்பு தாங்க முடியவில்லை. முற்றிவிட்டது என்றே முடிவுகட்டி, வெள்ளனே கிளம்பி டாக்டர் முன்னால் போய்க் கையை நீட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இது நல்ல சேதி! உடம்பு பாத்துருச்சு. சண்ட நடக்குது, அதான் சிவந்திருக்கு."

அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். மருக்கள் கறுத்துச் சுருங்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போயின. தழும்புகூட இல்லை. ஏதோ ஒரு செல்லில் இன்னும் கொஞ்சம் பதுங்கியிருக்கலாம், ஆனால் இனி தலைதூக்கினால் உடம்புக்கு ஆள் அடையாளம் தெரியும் என்றார் டாக்டர். எனக்கு அது போதுமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் பழனியில் அக்கா வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள். நான் வாசல் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். பார்லர்காரி இடது கையை முடித்துவிட்டு வலது கையைக் கேட்டாள். பெண் அதைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இது எங்க சின்னம்மாவுக்கு."

மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "அவங்க கையில என்னமோ..." என்று ஆரம்பித்தாள்.

"சின்னம்மா, இங்க வாங்க. கையக் காட்டுங்க" என்றாள் இவள். போனேன். அத்தனை பேர் பார்க்க, மருதாணி படாத வலது கையால் என் இடது கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தன் கட்டைவிரலால் தடவினாள். பிறகு தன் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தாள்.

கண்ணீர் என் கண்ணை மறைத்தது.

"அழுது கோலத்த அழிச்சுராதீங்க. பெறகு அழுவலாம்" என்றாள்.

பிறகெல்லாம் இல்லை, அப்போதே அழுதேன். அழுதுகொண்டேதான் போட்டேன். ஒரு கோடு கோணவில்லை.