பதினோராவது ரேகை

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள், என்னோடு ஆபீசில் குப்பை கொட்டியவர்களில் உயிரோடு இருக்கிற இரண்டு பேரைக் கேட்டாலும் சொல்வார்கள். நடுவில் எங்கேயாவது சீறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவது என் கதை இல்லை, ஷபீ பாயின் கதை. டவாலி ஷபீ அஹமது என்றால் அந்தக் காலத்தில் பாலாற்றங்கரை ஊர்களில் தெரியாதவர்கள் கிடையாது.

1927-ல் எனக்கு இருபத்துமூன்று வயசு. டிப்டி கலெக்டர் முகாமுக்குப் போகும்போது வாக்குமூலம் எழுதும் குமாஸ்தா நான். ஷபீ பாய் சேவகர். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம்தான் பாக்கி. வெள்ளைத் தாடி, மார்பின் குறுக்கே டவாலி என்கிற சிவப்புப் பட்டை, அதில் வேளைக்கொரு தரம் துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் பித்தளை வில்லை. ரயில் ஆம்பூரை நெருங்கும்போதே, தோல் பதனிடுகிற ஷெட்டுகளில் ஊறுகிற ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த வாடை வந்துவிடும். வெளியூர்க்காரன் மூக்கைப் பொத்திக்கொள்வான். பாய் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "ஊரு வந்துட்ச்சு, எழுந்திருங்க ஐயா" என்பார். இன்றைக்கும் எங்கேயாவது அந்த வாடை வந்தால் நானும் மூச்சை நன்றாக இழுத்துக்கொள்கிறேன். அந்த முகாம் நாட்களைப் போல் சந்தோஷமாக நான் பிறகு இருந்ததே இல்லை.

பாயின் பெரிய வித்தை கைநாட்டு வாங்குவது. மைத்தட்டும் உருளையும் அவர் பொறுப்பு. கையெழுத்துத் தெரியாத ஜனங்கள் சர்க்கார் காகிதத்தைக் கண்டாலே விரலை விறைத்துக்கொண்டு நிற்பார்கள். விறைத்த விரலில் ரேகை விழாது. பாய் அவர்கள் கையை மெதுவாகத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொள்வார். "இன்னாத்துக்கு முறுக்கறே? விரலைக் கடிச்சா தின்னப் போறேன்? தளர்த்து, தளர்த்து. மாமியா வீட்டுல மோதிரம் போடறாங்கன்னு நெனச்சுக்கோ." சிரிப்பு வரும், விரல் தளரும், ரேகை பூப்போல விழும்.

கையைத் தொட்டவுடனே அவர் ஆளின் தொழிலைச் சொல்லிவிடுவார். அணைக்கட்டுப் பக்கத்து ஏர்க்காரன், பீடி சுற்றுகிறவன், தையற்காரன், எல்லாம் அத்துப்படி. நான் நம்பாமல் பந்தயம் கட்டி வெற்றிலை வாங்கிக் கொடுத்தே ஓய்ந்துபோனேன்.

அந்த வருஷம் ஆடியில் ஒரு விசாரணை வந்தது. ஆம்பூருக்குக் கிழக்கே ஒரு பேட்டையில் தோல் ஷெட் வைத்திருந்தவர் ஒருவர். பெயர் வேண்டாம், பேரன் பேத்திகள் நன்றாக இருக்கிறார்கள். ஊரில் அவருக்குப் 'பெரிய இடம்' என்றே பெயர். கௌரவ மாஜிஸ்திரேட் வேறு. வேலைக்காரன் முறைத்தால் அவர் ஷெட்டில் வேலை போகும், அவர் பெஞ்சில் அபராதம் விழும். அவர் மேல் மொட்டைக் கடிதாசுகள் நாலைந்து ஏற்கனவே கலெக்டர் மேஜையில் கிடந்தன.

அவருடைய ஷெட்டில் தனகோடி என்பவன் சுண்ணாம்புக் குழியில் விழுந்து செத்துப்போனான். தோலில் இருக்கிற மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போடுகிற குழி அது. ஆள் உயரம் இருக்கும். அதன் மேல் போட்டிருந்த பலகை உளுத்துப்போய்விட்டது, மாற்றுங்கள் என்று மூன்று தரம் சொன்னார்களாம். மாற்றவில்லை. பலகை முறிந்தது, கல் விளிம்பில் மண்டை அடிபட்டது. பெரிய இடம் சொல்ல, கிராம முன்சீப் மரண அறிக்கையில் எழுதினார்: 'குடிபோதையில் தவறி விழுந்து மரணம்.'

தனகோடியின் பெண்சாதி மீனாம்பாள் மனுப் போட்டாள். விசாரணை நடந்த, அதிகாரிகள் வந்து தங்குகிற முசாபர் பங்களாவுக்கு ஒவ்வொரு நாளும் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். முதல் நாளே டிப்டி கலெக்டர் கேட்டார், உனக்கு என்னம்மா வேண்டும் என்று.

"எனக்குக் காசு வாணாம் சாமி. அவரு கூடப்பொறந்த அண்ணன் குடிச்சே செத்தான். அதுலருந்து எங்க வூட்டுக்காரரு கள்ளுக்கடைத் தெரு வழியாகூட நடக்க மாட்டாரு. குடிச்சிட்டு வுழுந்தாருன்னு எழுதியிருக்காங்களே, அதை மட்டும் அடிச்சிடுங்க."

அவ்வளவுதான். அந்த ஒரு வரியை அடிக்க வேண்டும்.

தனகோடியோடு குழியில் வேலை செய்த பதினோரு பேர் சாட்சி சொல்ல வந்தார்கள். பெரிய இடத்துக்கு எதிராக வந்தார்கள் என்பதே பெரிய விஷயம். நான் வாக்குமூலம் எழுதி, படித்துக் காட்டி, 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி' என்று கடைசி வரி போட்டுக் கொடுப்பேன். பாய் கைநாட்டு வாங்குவார். முதல் காகிதத்தைப் பார்த்தேன். ரேகையே இல்லை, வெறும் மை அப்பல். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா பாய் இது? விரலை வெச்சீங்களா, கரிக்கட்டையை வெச்சீங்களா?"

"சுண்ணாம்புக்காரங்க விரல் ஐயா. ரேகை தேய்ஞ்சு போயிருக்கு. எத்தினி தபா வெச்சாலும் இப்டித்தான் வரும்."

"அந்தக் கதையெல்லாம் என்கிட்ட அளக்காதீங்க. பெரிய எடத்து கேசு. தப்பா இருந்தா என் சீட்டுக் கிழிஞ்சுடும். திரும்ப வைங்க!"

திரும்ப வைத்தார். அப்பல்தான். பத்து பேருக்கும் நான் கத்திக்கொண்டே இருந்தேன். பதினோராவது ஆள் அருணகிரி. அவன் பெருவிரல் சுண்ணாம்பு தின்று வெடித்து, சிவந்த சதை தெரிந்தது. முதல் தரம் வைத்தபோது மையோடு ரத்தமும் ஒட்டியது. நான் அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டு வேறு எழுதினேன். இரண்டாவதையும் கிழித்தேன். "இது ஒண்ணாவது சுத்தமா வரணும். இல்லேன்னா உங்க மேல ரிப்போர்ட் எழுதிடுவேன் பாய்" என்றேன். இருபத்துமூன்று வயசுப் பயல், அப்பன் வயசு மனுஷரைப் பார்த்துச் சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட!

பாய் அருணகிரியின் தோளில் கைபோட்டு அவனை ஜன்னல் பக்கம் அழைத்துப்போனார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். காகிதம் வந்தது. சுழி சுழியாக அழகான ரேகை. "ஆங், இப்டி வர்றதுக்கு இத்தினி நேரமா?" என்று மை ஒற்றிக் கட்டில் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பெரிய இடத்து வக்கீல் ஒரு மனுவோடு வந்தார். அதே பதினோரு பேர் பெயரில் மனு. 'நாங்கள் பிறர் தூண்டிப் பொய் சொன்னோம், தனகோடி குடித்திருந்தான்' என்று எழுதி, கீழே பதினோரு ரேகைகள். அத்தனையும் அச்சடித்தாற்போலத் தெளிவு. ஆட்களைக் கூப்பிடலாம் என்றால், பதினோரு பேரையும் மதராஸ் பக்கத்து ஷெட்டுகளுக்கு வேலைக்கென்று அனுப்பியாயிற்று. எங்கே என்று யாருக்கும் தெரியாது.

டிப்டி கலெக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வக்கீல் சிரித்துக்கொண்டே சொன்னார்: "யுவர் ஆனர், முதல் கட்டில் இருப்பது அடையாளம் தெரியக் கூடாதென்று வேண்டுமென்றே அப்பியவை. இது ஒழுங்கான ரேகை. எது நிஜம் என்று குழந்தைகூடச் சொல்லும்."

டிப்டி கலெக்டர் பேனாவை எடுத்தார். விசாரணை முடிந்தது என்று எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வெளியே மீனாம்பாள் எழுந்து நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹுஜூர்." வாசலில் நின்ற ஷபீ பாய். விசாரணை நடக்கும்போது சேவகன் வாயைத் திறந்து நான் அதுவரை கேட்டதில்லை. "மாப் பண்ணணும். இந்த மனுவில இருக்கறது சுண்ணாம்புக்காரங்க விரலே இல்லீங்க. குழியில கை வுட்டு வேலை செய்றவனுக்கு ரேகை இருக்காது. முப்பது வருஷமா விரல் புடிக்கறேன். சந்தேகம்னா இப்பவே வேற ஷெட்டுலருந்து ஆளுங்களைக் கூப்ட்டுப் பாருங்க."

டிப்டி கலெக்டர் நல்ல மனுஷர். ஐந்து பேரை வரவழைத்தார். ஐந்து விரலும் அப்பல், சோப்புக்கட்டியில் மை தடவினதுபோல. வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது.

ஆனால் அந்த ஆள் சும்மா வக்கீலா? முதல் கட்டைப் புரட்டிக்கொண்டே போய்ப் பதினோராவது காகிதத்தை உருவினார். "அப்படியானால் இது எப்படித் தெளிவாக இருக்கிறது? உங்கள் சேவகர் சொல்கிறபடி பார்த்தால் இதுவும் பொய். ஒன்று பொய்யென்றால் இந்தக் கட்டு முழுவதும் இங்கேயே உட்கார்ந்து தயாரித்ததுதானே?"

அப்போதுதான் எனக்கு ஜன்னலும் பாயின் முதுகும் ஞாபகம் வந்தன. எழுந்து, "அந்த ஆள் குழி வேலைக்குப் புதுசு போலிருக்கிறது சார்" என்று உளறினேன். டிப்டி கலெக்டர், இருக்கலாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அதோடு போயிருக்கும்.

"இல்லை ஹுஜூர்" என்றார் பாய். "அது என் விரல்."

டிப்டி கலெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவன் விரல்லருந்து ரத்தம் வந்துட்டிருந்தது. அழுத்த மனசு வரல. என் விரலை வெச்சுட்டேன். தப்பு என்னோடது. அருணகிரி சொன்னது நெஜம், ஆனா அந்தக் காகிதத்தைத் தள்ளிடுங்க. மத்த பத்தும் அவங்கவங்க விரல். அதைத் தள்ளிடாதீங்க. அந்தம்மா தெனமும் வந்து உக்காந்துட்டிருக்கு."

சேவகனின் வாக்குமூலத்தைப் பதிவு செய் என்று எனக்கு உத்தரவாயிற்று. எழுதினேன். கடைசியில் டிப்டி கலெக்டர் கேட்டார்: "ரேகை தெளிவாக வர வேண்டும் என்று உன்னை யாராவது வற்புறுத்தினார்களா?"

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லை ஹுஜூர். யாரும் சொல்லல. நல்லா வரணும்னு எனக்கே ஒரு ஆசை."

அதையும் நான் எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. ஊருக்கெல்லாம் சீறுகிற வாய், அன்றைக்குத் தைத்துவைத்ததுபோல மூடிக்கொண்டது. படித்துக் காட்டினேன். சரி என்றார்.

பாய் உருதுவில் கையெழுத்துப் போடுவார். ஆனால் பதினோராவதோடு ஒத்துப்பார்க்க அவர் ரேகை வேண்டும். மைத்தட்டை யார் எடுப்பது? அறையில் வேறு சேவகன் இல்லை. நான்தான் எடுத்தேன். நான்தான் உருளையை உருட்டினேன். அவர் விரலை இறுக்கிப் பிடித்தேன்.

"தளர்த்திப் புடிங்க ஐயா" என்றார் மெல்ல. "மாமியா வீட்டு மோதிரம்னு நெனச்சுக்கோங்க."

பத்துச் சாட்சியமும் நின்றது. பெரிய இடம் ஜெயிலுக்குப் போனாரா என்று கேட்காதீர்கள், அதெல்லாம் நடக்குமா? கௌரவ மாஜிஸ்திரேட் பதவி மட்டும் போயிற்று. ஆனால் மரண அறிக்கையில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, 'பலகை முறிந்து விழுந்து மரணம்' என்று எழுதினார்கள். வேப்பமரத்தடிக்கு அதைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன்.

"அடிச்சிட்டாங்களா சாமி?"

"அடிச்சாச்சும்மா."

"எது, காட்டுங்க."

காட்டினேன். எழுத்துத் தெரியாதவள், சிவப்புக் கோட்டின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள்.

அதே வாரம் ஷபீ பாய் பித்தளை வில்லையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். பொய் ரேகை வைத்த குற்றம், வேலை நீக்கம், பென்ஷன் கிடையாது. போவதற்கு முன் வில்லையை ஒரு தரம் துடைத்துவிட்டுத்தான் வைத்தார்.

ஆம்பூர் மசூதித் தெருவில் ஒரு வெற்றிலைக் கடை போட்டார். முகாமுக்குப் போகும்போதெல்லாம் நான் அங்கே போய் உட்காருவேன். வருஷா வருஷம் ஆடியில் மீனாம்பாள் ஒரு கூடை அவரைக்காயைக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போவாள். பாய் அதற்குப் பிறகு என்னை ஐயா என்று கூப்பிடவில்லை, தம்பி என்பார். ஒரு நாள் அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்: "நான்தான் கத்தினேன்னு ஏன் பாய் சொல்லல?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போய்ருக்கும். உனக்கு முப்பது வருஷம் பாக்கி, எனக்கு மூணு. இதுல கணக்கு இன்னா இருக்குது? வெத்தல போடு."

1935-ல் பாய் காலமானார். நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

மூன்று வருஷம் கழித்து ரிக்கார்டு ரூம் என் பொறுப்புக்கு வந்தது. பழைய கட்டுகளைக் கழிக்கும்போது இந்தக் கட்டும் வந்தது. அடிக்கடி எடுத்துப் பார்த்திருக்கிறேன். நான் எழுதிய வாக்குமூலங்களில் பத்து அப்பல்கள், இரண்டு தெளிவான ரேகைகள். இரண்டும் ஒரே சுழி. கட்டின் மேல் 'நிரந்தரம்' என்று எழுதிப் பரணில் ஏற்றினேன். தைரியம் அதற்குமேல் வரவில்லை.

எனக்கு முப்பது வருஷ சர்வீசும் முடிந்து, முழுப் பென்ஷனும் வாங்கியாயிற்று. அந்தக் கட்டில் ஒரு கேள்விக்குப் பதில் தப்பாக இருக்கிறது. ரேகை தெளிவாக வர வேண்டும் என்று உன்னை யாராவது வற்புறுத்தினார்களா? ஆமாம். குமாஸ்தா சுந்தரமூர்த்தி வற்புறுத்தினான். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், சரி.