மாமனார் நேபாளத்துக்கு ஏற்றிச்சென்ற படகு

மோட்டார் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்று என் மாமனார் ஓர் அட்டையில் அம்புக்குறி வரைந்து அதன்மேல் ஒட்டியிருந்தார். மாற்றிக் கிடத்தினால் எண்ணெய் கசிந்துவிடுமாம். அதைப் பழைய போர்வையில் சுற்றிக் காரின் பின்பகுதியில் படுக்கவைத்து, பக்கத்தில் மடித்த ரப்பர் படகையும் வைத்தபின் வேறு எதற்கும் இடமில்லை. துணிப்பைகள் எங்கள் கால்மாட்டுக்கு வந்தன. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து நேபாளம்வரை ஐந்து நாள், மாமனார், மாமியார், என் கணவர், நான் என நான்கு பேரும் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் போனோம்.

மாமனார் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் காரில் படகைக் கொண்டுபோய், காற்றடித்து, மலைகளுக்கு நடுவே ஓர் ஏரியில் ஓட்டுவதைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. முதலில் நம்மூர் அணையில் ஓட்டிப் பார்க்கலாமே என்று கணவர் சொன்னதற்கு, "இங்க ஓட்டறதுக்கா வாங்குனேன்? பனிமல தெரியணும்டா" என்றார். மாமியாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

எல்லையில் மாமனார் தயாராக இருந்தார். மோட்டாரின் எண், ரசீது, நான்கு பக்கமும் எடுத்த படங்கள், திரும்பக் கொண்டுபோய்விடுவோம் என்ற உறுதிமொழி, எல்லாம் ஒரே கோப்பில் மூன்று நகல்களாக இருந்தன. பெட்ரோல் தொட்டியை வடித்துக் காயவைத்திருந்தார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னதும் அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். அன்று முழுவதும் மாமனாரின் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

மறுநாள் ஏரிக்கரையில், மிதிபம்பால் காற்றடித்து முடித்து, மோட்டாரைப் பின்பலகையில் திருகிக்கொண்டிருந்தபோது படகுத்துறைக்காரர் ஒருவர் வந்தார். படகு போகலாம், மோட்டார் மட்டும் கூடாது என்றார். கணவர் தெரிந்த இந்தியில் கெஞ்சினார். மாமனார் கோப்பை நீட்டினார். அந்த மனிதர் மரியாதையாக ஒவ்வொரு தாளையும் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஏரிக்கான அனுமதி மட்டும் அதில் இல்லை.

"கழட்டுடா. ஊருக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு மாமனார் கரைக்கல்லில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். துடுப்பு போட அவருக்கும் தெரியாது, கணவருக்கும் தெரியாது. அவர் தோள்கள் அசைந்ததைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமியார் சேலையைத் தூக்கிச் செருகினார். இரண்டு துடுப்புகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு படகில் இறங்கினார்.

"ஏறுங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஏறுங்கன்னா."

கழற்றிய மோட்டாருக்குக் காவலாகக் கணவர் கரையில் நின்றார். நாங்கள் மூவரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினோம். மாமியார் முன்னால் மண்டியிட்டு, ஒற்றைத் துடுப்பை இடமும் வலமுமாகத் தன் பக்கம் இழுத்தார். படகு ஒரு முறைகூடச் சுற்றவில்லை. எதிரே பனிமலை முழுசாகத் தெரிந்தது. மாமனார் மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "எங்க கத்துக்கிட்ட?" என்றார்.

மாமியார் பிறந்தது ஏரியூருக்கு அந்தாண்டை காவிரிக்கரையில். அவருடைய அப்பா பரிசல் ஓட்டியவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் தெரிந்துகொள்ள நாங்கள் முயன்றதில்லை.

"நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்கப்பனுக்குக் காய்ச்சல்" என்றார் மாமியார், திரும்பாமலே. "உங்க ஜனத்தை ஏத்திக்கிட்டு வந்தது யாருன்னு நெனச்சீங்க?"

"தலையில துண்டு கட்டிக்கிட்டு யாரோ ஒரு ஆளு..."

"நாந்தான். புதுச் செருப்பு நனஞ்சு போச்சுன்னு கரை வர்ற வரைக்கும் திட்டுனீங்க. வூட்டுக்குப் பின்னால ஓடிப்போயி சீல மாத்திக்கிட்டு வந்து நின்னேன். இந்தாளுக்குக் கழுத்தை நீட்டறதா வேணாமான்னு அப்பவே யோசிச்சேன்."

மாமனார் மெல்லக் குனிந்து, காலில் கிடந்த செருப்புகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.